லாரி முன்னால் படுத்தது அப்பா இல்லை

அப்பா போய் ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோழர்களுக்கும் மகளாக என் வணக்கம். எனக்கு இனிக்க இனிக்க எழுத வராது. உங்களில் பாதிப் பேர் அப்பாவைப் பற்றி எடுத்த சினிமாவைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அதில் வருவது அப்பா இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா வடக்கனந்தலில் ஒரு கிறிஸ்தவக் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு சின்னசேலம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். அங்கேதான் சங்கத்தில் சேர்ந்தார், கொடி பிடித்தார். பிறகு கல்வராயன் மலை முழுக்க நடந்து சங்கம் கட்டினார். வீட்டில் உலை கொதித்தது அம்மாவின் கூலியில். அதை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள்.

புரட்சிக்காரர்களைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் கள்ளக்குறிச்சி தியேட்டரில் அப்பா முதல் நாளே இருப்பார். கைதட்ட மாட்டார். திருடனைப் பார்ப்பது போலத் திரையைப் பார்ப்பார். "துண்டு இவ்ளோ சுத்தமா கீதே, தொவைக்கிறது யாரு?" என்பார். "ஒரு கூட்டங்கூடப் போடல, அதுக்குள்ள புரட்சி வந்துருச்சா?" என்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பித் திட்டுவார்கள்.

அவரே ஓர் இயக்குநரிடம் மாட்டினார். பல ஆண்டுகளுக்கு முன், மலையில் கடுக்காய் பொறுக்கும் பெண்களைக் குத்தகைதாரர் ஒருவர் எடையில் ஏமாற்றிவந்தார். ஒருநாள் பெண்கள் ரோட்டில் படுத்து அவருடைய லாரியை மறித்தார்கள். முதலில் படுத்தவர் சின்னப்பொண்ணு அத்தை. ரத்த உறவில்லை, நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சேதி கேட்டு அப்பா மலையேறியது மறுநாள். ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டபோது, "நான்தான் செஞ்சேன். வேற யாரும் இல்ல" என்றார். மாட்டினால் தன் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லக்கூடாது. அது அவர்கள் சங்கத்தின் கட்டுப்பாடு. அப்பாவின் முன்பற்கள் போனது அந்த ஒரு பதிலால்தான்.

இதைப் படமாக்க வந்த இயக்குநர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அன்னைக்கு யார் யார் இருந்தாங்க சார்?" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நான்தான். வேற யாரும் இல்ல."

மாற்றி மாற்றிக் கேட்டும் அதே பதில். அவர் போனதும் என்னிடம், "கேமரா எடுத்துக்கினு வர்றவன யாரு அனுப்பனாங்கன்னு நமக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

படம் வந்தது. கதாநாயகன் ஒற்றை ஆளாக மழையில் லாரியை நிறுத்துகிறான். மலைப் பெண்கள் ஓரமாகக் கைகூப்பி நிற்கிறார்கள். கடைசியில் குண்டு பட்டுச் சாகிறான். பக்கத்து இருக்கைக்காரர் அழுதார். அப்பா என் கையைப் பிடித்தார். "என்னக் கொன்னுட்டான், பரவால்ல. சின்னப்பொண்ணு எங்க?"

அடுத்த வாரம் அப்பாவும் நானும் பஸ் பிடித்து மலைக்குப் போனோம். அதற்குள் அங்கே எல்லோரும் செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டார்கள். அத்தை வாசலிலேயே நிறுத்தினார்.

"வாங்க தோழர். செத்துட்டீங்கன்னு பாத்தோம். நல்லாதான் கீறீங்க."

"உம்பேர நான் சொல்லலம்மா. சொல்லிப் பழக்கமில்ல."

"போலீசுகிட்ட சொல்லாதீங்க. படக்காரங்கிட்டயுமா?"

"ரெண்டு பேரும் ஒரே கேள்வியத்தான கேட்டானுங்க?"

அத்தை சிரிக்கவில்லை. "என் பேத்தி கேக்குறா, நீ ஏன் கைகூப்பிக்கினு நின்னன்னு. நான் இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் அப்பாவுக்கு டீ கொடுக்காமல் அனுப்பியது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன். "நிஜமாவே பழக்கத்துலதான் சொன்னியாப்பா? இல்ல, ஹீரோ ஆவணும்னு ஆசையா?" அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியலம்மா" என்றார். அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. செத்தவர் என்பதற்காக மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா தியேட்டர் பக்கம் போகவில்லை. இயக்குநருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னார். "கதைக்கு ஒரு ஆள்தான் சார் வேணும்" என்று பதில் வந்தது. நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு தினமும் கேட்டது ஒன்றுதான்: "மலையிலேருந்து யாருனா வந்தாங்களா?" யாரும் வரவில்லை.

சாவுக்கு வந்தார்கள். சர்ச்சுக்காரர்களும் கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தில், இயக்குநரும் கேமராவோடு நின்றார். அத்தை மாலை போட்டு நிமிர்ந்ததும் ஓடிவந்தார்.

"அம்மா, கேமராவுல சரியா விழல. வெளியே போய் இன்னொரு தடவை வாங்களேன்."

"அவரு ஒரு தடவதான்யா செத்தாரு. உங்கணக்குல ரெண்டு தடவ, இல்ல?"

கூட்டம் சிரித்துவிட்டது. இயக்குநர் விடவில்லை. "நீங்க யாரும்மா? அன்னைக்கு லாரி மறிச்சப்ப இருந்தீங்களா? கூட யார் யார் இருந்தாங்க?"

அத்தை ஒரு நிமிடம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார்.

"நான்தான். வேற யாரும் இல்ல" என்றார்.

இந்த மலருக்காகப் போன மாதம் மலைக்குப் போனேன். அத்தை டீ கொடுத்தார். பெயர் போடலாமா என்று கேட்டேன். "எம்பேரப் போடு. மத்தவங்க பேர அவங்கவங்களக் கேக்காம போடாத" என்றார். கேட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள். அதனால் மற்றவர்கள் பெயரையும் போடவில்லை.

ஆகவே, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தெருக்காரர்களுக்கும், லாரி முன்னால் முதலில் படுத்த சின்னப்பொண்ணு அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவருக்குப் பக்கத்தில் படுத்தவர்களுக்கும் நன்றி. அவர்கள் யார் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.