அத்தைக்கு முட்டி வலி

அத்தை காலமான பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. மாமாவின் காதில் படும்படி யாரும் அத்தையின் பேச்சை எடுக்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் அப்பா. அத்தை அவருடைய கூடப் பிறந்த அக்கா. ஆற்றாமை என்றால் அது முதலில் அவருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் காரியம் முடிந்த மறுநாளே அத்தையின் புடவைகளையும் வெற்றிலைப் பெட்டியையும் மூட்டை கட்டி எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, "மன்சு ஆறட்டும், ஆரும் கெளறாதீங்க" என்றார். நாங்கள் கிளறவில்லை. அத்தையின் அம்மியைக்கூட அத்தையின் அம்மி என்று சொல்லாமல் 'அந்த அம்மி' என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி போகும் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமாவும் அத்தையும். மாமா துறைமுகத்தில் நீராவி கிரேனுக்குக் கரி வாரிப் போட்டே தலை நரைத்தவர். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டார். ஒரே மகள், கல்யாணமாகி ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்விட்டாள். அத்தை ஓர் ஐப்பசி மழையில் இரண்டொரு நாள் காய்ச்சலில் போனதும், அந்தப் பக்கத்தில் மாமாவும் அவருடைய இருமலும் மட்டுமே மிச்சம்.

எங்களோடு வந்து இருக்கும்படி அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டி இல்லாத பிறகு மச்சினன் வீட்டில் போய் உட்காருவது மாமாவின் கௌரவத்துக்குச் சரிப்படவில்லை. சோறு கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

அதனால் அம்மா சுவரைக் கேட்டுக்கொண்டே குடித்தனம் நடத்தினார். அரிசி களையும்போது அந்தப் பக்கம் இருமல் கேட்டால் முகம் சுளிப்பார். கேட்காமல் போனால் கை அப்படியே தண்ணீரில் நின்றுவிடும். "போயி மாமா எயுந்துட்டாரா பாரு" என்று கூழ்ச் சட்டியைக் கையில் கொடுத்து என்னை விரட்டுவார். எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ. கதவைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து 'ம்' என்று ஒரு குரல் வரும் வரையில் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அது என்ன பயம் என்று பெயர் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. குரல் வந்ததும் கூழை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

இருமல் அதிகமானதும் அப்பா அவரைத் தர்மாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வழியில் மூச்சு அடைத்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். அப்பா வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும், அம்மாவுக்குக் கைக்குழந்தை. பெண்பிள்ளை வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்பது வீட்டில் எல்லோருடைய அபிப்பிராயமும், என்னுடையதும் அதுவேதான்.

மாமா ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மற்ற நாளெல்லாம் பாயை விட்டு எழாத மனிதர், அன்று விடியும் முன்பே குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு தயாராக நிற்பார். ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி என்று அம்மா சொல்ல வாயெடுத்து, சட்டம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் முற்றத்தில் வேப்ப மரத்தடியில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவேன். அங்கிருந்து பார்க்கும்போதெல்லாம் மாமா யாருக்காவது வழி விட்டுக்கொண்டிருப்பார். கைக்குழந்தையோடு வந்தவளுக்கு, கால் வீங்கியவனுக்கு, ஒன்றுமில்லாமல் அவசரப்படுகிறவனுக்கு என்று எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு அவர் கடைசிக்குப் போய் உட்காருவார். பகல் மணி அடித்து டாக்டர் எழுந்து போன பிறகு, பழைய சீட்டையே கம்பவுண்டரிடம் நீட்டி, அதே மருந்தைப் புட்டியில் வாங்கிக்கொண்டு, "இன்னா, போலாமா?" என்பார். வீட்டில் போய் டாக்டர் தேவலை என்று சொன்னதாகச் சொல்வார். மாமாவைப் போல் பரோபகாரி உலகத்திலேயே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவர் வீட்டைப் பெருக்கப் போன அம்மா, அடுப்புப் பக்கம் விறகுக்குப் பின்னால் திணித்து வைத்திருந்த துணியைக் கண்டெடுத்தார். அதில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. என்னையும் தன்னோடு வெளியே இழுத்துவந்து, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு அவரு பக்கத்துலயே குந்திகினு இரு. டாக்டரு கைல நீயே சொல்லு, ரத்தம் வர்துன்னு. அவரு சொல்ல மாட்டாரு."

மறுநாள் நான் விளையாடப் போகவில்லை. மாமா இரண்டு முறை போகச் சொன்னார். நான் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் நாக்கு வறண்டுபோயிற்று. மாமாவும் அன்றைக்கு வழக்கம்போல் பேசவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரு பக்கத்தில் தண்டையார்பேட்டைத் தோல் மண்டியில் வேலை செய்யும் பாய் ஒருவர். எனக்கு அடுத்தாற்போல் நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு, காலிக் கூடையோடு வயிற்று வலிக்கு மருந்து வாங்க வரும் ஓர் அம்மாள். எல்லோரும் பல மாதங்களாகப் பழகியவர்கள் போல இருந்தது.

அந்த அம்மாள் மாமாவைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா நைனா, அக்காவுக்கு முட்டி வலி எப்டி கீது?"

மாமாவுக்கு அக்கா இல்லை. யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இப்போ தாவல. நொச்சி எல போட்டு ஒத்தடம் குடுத்துகினு கீறா. சொன்னா கேக்கறாளா, குந்தி எயுந்து எல்லா வேலையும் அவளே செய்யணும் அவளுக்கு."

"ராத்திரி உங்கள இருமக் கூடாதுன்னு திட்டினாங்களாமே" என்று பாய் சிரித்தார்.

"நான் இன்னா வேணும்னா இருமறேன்?" என்றார் மாமா.

முட்டி வலியும் நொச்சி இலையும் எங்கள் அத்தையுடையவை. அத்தையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். மாமாதான் கொள்ளி வைத்துவிட்டு வந்தார். அப்படியிருக்க இப்போது அத்தை வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் தீர்மானித்தேன். இது வெளியே தெரிந்தால் அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் சந்தில் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பேயைவிட அந்த ஊர்ப் பெயர்தான் அதிகம் உதவியது. இரத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தவளுக்கு இப்போது சொல்லாமல் மறைக்கவும் ஒன்று சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே வாயில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன்.

வரிசை நகர்ந்தது. எங்கள் முறை வரும்போதெல்லாம் மாமா கையைக் காட்டி மற்றவரை முன்னால் அனுப்பினார். "மாமா, நாம போலாம்" என்று நான் இழுத்தேன். "இரு கண்ணு, அவங்க பாவம்" என்றார். வெயில் தாழ்வாரத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தது. மணி அடித்துவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வேன்? கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைச் சமாதானம் செய்யக் குனிந்தார். குனிந்தவருக்கு இருமல் வந்தது. அது நிற்கவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார், துண்டு சிவந்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்து பாயின் தோளில் விழுந்தார்.

பாயும் இன்னொருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் ஓடினார்கள். நான் சொல்ல வேண்டியதை யாரும் கேட்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பாய் வெளியே வந்து, வார்டில் படுக்கை போடுகிறார்கள், வீட்டு மனிதர் யாராவது வர வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓடும்மா, வூட்டுக்குப் போயி உங்க அத்தைய இட்டுகினு வா" என்றார்.

நான் நின்றேன். தாழ்வாரம் முழுவதும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. அத்தையை எங்கே போய் அழைத்துவருவது? உண்மையைச் சொன்னால் மாமாவைப் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் யாரும் வரப்போவதில்லை.

அதற்குள் மீன்கார அம்மாள் குறுக்கே வந்தாள். "முட்டி வலிக்காரி எப்டி பாய் அம்மாந்தூரம் நடப்பாங்க? நீ போயி உங்க அம்மாவ இட்டா கண்ணு. ஓடு." இப்படிச் சொல்லி என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். நான் ஓடினேன். கடவுள்தான் அவள் வாயில் அந்தச் சொல்லை வைத்தார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கூந்தலை முடியக்கூட நிற்காமல் வந்தார். வழியில் மூச்சு இரைக்க இரைக்க எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அம்மா நடையை நிறுத்தவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்று, "ஒத்தடம் குடுக்கறாங்கன்னா சொன்னாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் நடந்தார்.

மாமா வார்டில் கட்டிலில் கிடந்தார். கண் திறந்திருந்தது. பாய் தலைமாட்டில் நின்றிருந்தார். "அக்கா வரலியா?" என்று பாய் அம்மாவைக் கேட்டார். மாமாவின் கண் அம்மாவின் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றது. பயந்துபோன குழந்தையின் கண் அப்படித்தான் இருக்கும். முன்பு ஒரு முறை நான் பொய் சொன்னதற்காக என் உதட்டில் சூடு போட வந்த அம்மா, அங்கே நின்று, குரல் கொஞ்சமும் பிசகாமல் சொன்னார்: "வூட்ல கீறாங்க. கஞ்சி வெச்சுகினு கீறாங்க. சாயங்காலம் நான் எடுத்தாறேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பங்குனி முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரத்தம் நின்றது, மூச்சு மட்டும் பழையபடி ஆகவில்லை. நான் தினமும் அம்மாவோடு கஞ்சி கொண்டுபோவேன். அத்தை வைத்த கஞ்சி! அந்தப் பொய் எனக்குத் தொண்டையில் முள்ளாய்க் கிடந்தது. ஒரு நாள் தாழ்வாரத்தில் மீன்கார அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, எங்கள் அத்தை செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் கண்ணு" என்றாள். "மொத நாளே தெரியும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்துமா ஒவ்வொரு வாரமும் முட்டி வலியை விசாரித்தாள்?

"கேட்டாத்தானே அவரு சொல்லுவாரு" என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டாக்டரைப் பார்க்கப் போனாள்.

அன்று அவள் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும், உடம்பில் தெம்பு வரும் வரையில் என்று சொல்லி நேரே எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தார்கள். மறுக்க அவருக்கு மூச்சு இல்லை. அன்று மத்தியானம் மீன் குழம்பு. மாமாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் பேசவில்லை, சட்டம் வந்த பிறகு அவர் எதிரில் எப்போதும் அப்படித்தான். அம்மா குழம்புச் சட்டியோடு வந்து நின்று, ஏதோ உப்புப் போதுமா என்று கேட்பது போலக் கேட்டார்: "ஏண்ணா, அண்ணி மாங்காய எப்போ போடுவாங்க? மீனுக்கு முன்னியா, அப்பறமா?"

அப்பாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்த பார்வையில் நான் நடுங்கிப்போனேன். மாமா குனிந்தபடியே இருந்தார். அவருக்கு மறுபடியும் இருமல் வந்து துண்டு சிவக்கப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"மின்னாடி போட மாட்டா" என்றார் மாமா. "மாங்கா கொயஞ்சிடும்னுவா. மீனு வெந்தப்பறம்தான். அத்தோட அடுப்ப அணைச்சிடுவா." சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணீர் மீசையில் இறங்கிச் சோற்றில் விழுந்தது. துடைத்துக்கொள்ளாமலே மேலே சொல்லிக்கொண்டு போனார். கல்யாணமான புதிதில் அத்தை ஒரு தரம் குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டதைச் சொன்னார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போதும்மா, கேக்காதே" என்று அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, "அப்பறம் இன்னா சொன்னாங்க அண்ணி?" என்று அடுத்ததைக் கேட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சாவின் வாயிலிருந்து திரும்பி வந்த மனிதரை முதல் சோற்றிலேயே உட்காரவைத்து அழவிடுகிறாரே, இவரும் ஒரு மனுஷியா என்று எழுந்து வெளியே போய், ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மாவோடு இனி ஜன்மத்துக்கும் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். யார் வீட்டிலும் மறுசோறு கேட்காத மாமா, அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னது வெளியே என் காதில் விழுந்தது. அதையும் அம்மா செய்த கொடுமையோடு சேர்த்துக்கொண்டேன்.