பூட்டியின் விடுதிப் பெயர்

நான் புலம்பெயர்ந்து வாழும் நகரின் லா சப்பல் பகுதித் தமிழ்க் கடையில் யூகலிப்டஸ் தைலப் போத்தலைத் திறந்து முகர்ந்தேன். பெரியம்மா முழங்காலில் அதைத் தேய்த்தபடி எங்கள் பூட்டியை, அதாவது கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்ன மாலை நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஊரிலிருந்து முதன்முதலில் படிக்கப் போன பெண் அவர்.

"படிப்புக்குக் காசு அனுப்பின அமெரிக்கக்காரியின்ரை பேரைத்தான் மிஷன் விடுதியிலை அவவுக்கு வைச்சவை," என்ற பெரியம்மா, அந்தப் பெயரையும் சொன்னார். "எங்கை, திருப்பிச் சொல்லு பாப்பம்."

"பிறகு சொல்லுறன்," என்று விளையாட ஓடினேன்.

போரில் பெரியம்மா இறந்தார். அந்தப் பெயர் எழுதியிருந்த குடும்ப வேதாகமமும் எரிந்தது. விடுதிப் பதிவேட்டின் பிரதி இப்போது என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் வெள்ளைக்காரப் பெயர்கள் மட்டுமே. ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை.

"அண்ணை, வாங்கிறியளோ, சும்மா மணக்கிறியளோ?" என்றார் கடைக்காரர்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று, பெயர்களை உரக்க வாசித்தேன். ஒவ்வொன்றும் பெரியம்மா சொன்னது போலவே கேட்டது.