சின்யோரா வீட்டு நாயின் வரலாறும் என் நாடும்

வேலை முடிந்து, நான் குடியிருக்கும் சீசாப் பகுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் வேலை செய்யும் இத்தாலிய வீட்டின் எஜமானி, நான் ‘சின்யோரா’ என்று கூப்பிடும் அம்மா, இன்று ஒரு விருந்தாளிக்குத் தன் நாயின் வரலாற்றைச் சொன்னார். மான் வேட்டைக்கென்று பிரான்ஸில் வளர்த்த ‘பில்லி’ இனமாம். உலகப் போர் முடிந்தபோது ஒரு சில நாய்களே மிஞ்சினவாம். சொல்லும்போதே கண் கலங்கினார்.

கோப்பி கொண்டுபோன என்னைக் காட்டி, "இவ எந்த நாடு?" என்று விருந்தாளி கேட்டார்.

"இந்தியா," என்றார் சின்யோரா.

ஏழு வருடமாக அவருக்குச் சமைக்கிறேன்.

"இல்லை சின்யோரா, நான் இலங்கை. வன்னியிலை சண்டைக்குத் தப்பி வந்தனான்," என்றேன்.

"எல்லாம் ஒரு பக்கம்தானே," என்று சிரித்தார்.

"அப்ப உங்கடை நாயை ஜெர்மன் நாய் எண்டு சொல்லட்டே?"

அப்போதுதான் அவருக்கு முகம் சிவந்தது.

உங்களை இஞ்சை எந்த நாட்டிலை சேர்த்து வைச்சிருக்கினம்? கீழே எழுதுங்கோ.