முட்டி வலிக்கு முட்டி நடை நேர்ந்துகொண்டேன்

நம் மாதா கோயில் அன்பியத்து ஜனங்களே, நான் பிலோமினா. வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஃபாதர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் மைக்கைப் பிடித்ததும் அழுகிறார்கள். எனக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். கோபத்தோடேயே சொல்கிறேன். மாதாவுக்கு என்னைத் தெரியும்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரம், ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் சூசை கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு அது. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் நான்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றைக்கும் தூக்கக் குனிந்தேன். என் முட்டி கடக்கென்றது. நானும் அவர் பக்கத்திலேயே விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

அவருக்கு வாய் குழறும். நக்கல் மட்டும் குழறாது.

"இன்னாடி, நீயும் படுத்துக்கினியா? இப்ப யாரு யாரத் தூக்கறது?"

நான் சிரிக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். முதலில் அவரைத் தூக்கினார்கள், அப்புறம் என்னை.

சாயந்திரம் அவருடைய அண்ணன் போன் செய்தார். "உன்னால இனிமே முடியாது பிலோமி. ஏதாவது ஒரு ஹோம்ல சேத்துடலாம்" என்றார். சூசை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. என் முட்டி போனால் அவர் ஹோமுக்குப் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஸ்டெல்லா அக்காதான் வழி சொன்னார். "சனிக்கிழமை சனிக்கிழமை கோயில் கேட்லேர்ந்து பீடம் வரைக்கும் முட்டியாலயே நடந்து போறேன்னு நேந்துக்கோ. மாதா குடுக்காம எங்க போவா?"

நேர்ந்துகொண்டேன். முட்டி குணமாகும் வரைக்கும் முட்டி நடை. எழுதும்போது எனக்கே மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கோயிலில் அத்தனை பேர் பார்த்தார்கள். "இன்னா பக்தி, இன்னா பக்தி" என்றார்கள். ஒருத்தராவது, ஏண்டி, வலிக்கிற முட்டியைக் கொண்டுபோய் ஏன் கல்லில் தேய்க்கிறாய் என்று கேட்கவில்லையே!

நம் கோயில் முற்றம் உங்களுக்குத் தெரியும். கருங்கல் பாளம். வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். தவக்காலம் என்று காலையில் ஒருசந்தி வேறு. வெறும் வயிற்றில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் வயிறு எரியும், முழு வழியும் முட்டி எரியும். ஈஸ்டர் வந்து போனது. முட்டி பன் மாதிரி வீங்கியது. மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு படிக்கு ஒரு தடவை நின்றேன். காலையில் இறால் உரிக்கிற வேலைக்குப் போவேன். அங்கே குந்தி உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். மாதாவிடம் சண்டை போட ஆரம்பித்தேன். இவ்வளவு தூரம் முட்டி தேய வருகிறேன், நீ ஒரு அடி இறங்கி வர மாட்டாயா?

மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கோயில் வளாகத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ஷாமியானா, மேசை, கூட்டம். எனக்கென்ன அதைப் பற்றி? நான் என் நேர்ச்சையைச் செய்துகொண்டிருந்தேன். பாதி முற்றம் தாண்டியதும் வலியில் கண் இருட்டியது. "இன்னிக்கு ஒரு வழி காட்டு. இல்லேன்னா ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கோ" என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குரல் முற்றம் அதிரக் கேட்டது.

"அந்தம்மாவ யாராச்சும் எழுப்புங்க! முட்டி வீங்கிக் கெடக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கெல்லாம்?"

முக்காடு போட்ட ஒரு டாக்டரம்மா, ஸ்டெதஸ்கோப்போடு என்னை நோக்கி வந்தார். என் செபத்துக்கு நடுவில், எங்கள் கோயிலில், ஒரு முஸ்லிம் டாக்டர் என்னை அதட்டுகிறார். எனக்கு ஏறியது பாருங்கள்! "உங்க வேலையப் பாருங்கம்மா, இது எனக்கும் மாதாவுக்கும்" என்றேன். "என் வேலையே முட்டிதாம்மா" என்று சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். எழுந்துகொள்ள எனக்கும் வேறு வழி இல்லை. பிடித்துக்கொண்டேன்.

அவருடைய கிளினிக் திருவொற்றியூர் ஹைரோட்டில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே. எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு அக்குபங்சரும் செய்கிறவர். கண்டெய்னர் டிரெய்லர் போகும்போது கட்டில் ஆடும், உடம்பில் குத்தியிருக்கும் ஊசியும் சேர்ந்து ஆடும். அங்கே வரச் சொன்னார். போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். சூசைதான், "போய்ட்டு வாயேன். குத்துனா குத்து வாங்கிக்கினு வா. அண்ணன்காரன் திருப்பிப் போன் பண்ணுவான்" என்றார்.

டாக்டரம்மா முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, தேய்மானம் என்றார். அப்புறம் ஊசி. நூல் மாதிரி மெல்லிசு. முட்டியைச் சுற்றிக் குத்தினார், கணுக்காலில் குத்தினார், கையிலும் குத்தினார்.

"முட்டி வலிக்கு கையில ஏம்மா குத்தறீங்க?"

"வலிய மட்டுப்படுத்தத்தான். தேஞ்சது இதால வளராது. ஊசி உங்களுக்கு கொஞ்ச நேரம் வாங்கிக் குடுக்கும். அந்த நேரத்துல நீங்க என்ன பண்றீங்கன்றதுலதான் எல்லாம் இருக்கு."

அப்புறம் ஆரம்பித்தார். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதே, தினமும் போடாதே, வயிறும் கிட்னியும் போய்விடும். குந்தி உட்காராதே, இறால் உரிக்க ஸ்டூல் கேட்டு வாங்கு. குடத்தை நிரப்பாதே, பாதிக் குடமாக இரண்டு நடை போ. காலையில் சாப்பிடு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடி, பத்து எண்ணி இறக்கு. தொடையில் பலம் வந்தால் முட்டிக்குப் பாரம் குறையும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மாதாவிடம் அற்புதம் கேட்டேன். சாப்பிடு, காலை நீட்டு என்று சொல்ல டாக்டர் எதற்கு?

"முக்கியமானது, முட்டி போடக் கூடாது" என்றார்.

"அது முடியாது. நேர்ந்துக்கினேன்."

அவர் ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார். "நாங்களும்தாம்மா முட்டி போட்டுத் தொழறோம். முடியாதவங்க நாற்காலியில உக்காந்து தொழலாம்னு எங்களுக்கு இருக்கு. எங்க அம்மா அப்படித்தான் தொழறாங்க. உங்க மாதாவும் ஒரு அம்மாதானே? உக்காந்துக்கட்டுமான்னு நீங்க கேட்டீங்களா, அவங்க வேணான்னாங்களா?"

கோபத்தோடு இறங்கி வந்தேன்.

கணக்கு எப்படிப் போனாலும் இடித்தது. முட்டி குணமாகிற வரைக்கும் நடக்க வேண்டும். நடக்கிற வரைக்கும் குணமாகாது. நேரே ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன மாசமா ஏம்மா என்கிட்ட வரல? தனிப்பட்ட நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. முட்டி நடை இன்னியோட முடிஞ்சிது. அதுக்குப் பதிலா அந்த டாக்டர் சொன்னத ஒண்ணு விடாம செய். அதுதான் இனிமே உன் நேர்ச்சை."

"அது எப்படி ஃபாதர் நேர்ச்சையாவும்? அதுல கஷ்டமே இல்லையே."

"செஞ்சு பாரு" என்றார்.

கஷ்டம்தான். ஐயோ, அப்படி ஒரு கஷ்டம்! ஒரே நாளில் முட்டி தேய நடந்துவிடலாம். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்குவதில் ஒரு பெருமையும் இல்லை. பார்த்து மெச்ச ஒரு ஆள் இல்லை. பத்து எண்ணுவதற்குள் எண்ணிக்கை மறந்து போகும், எரிச்சல் வரும். ஒரு நாள் செபமாலையைக் கையில் எடுத்தேன். காலை நீட்டி ஒரு மங்கள வார்த்தை செபம். ஆமென் சொன்னதும் இறக்கு. அடுத்த மணி. செபமாலை முடியும்போது தொடை நடுங்கும். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் செபம் சொன்னதில்லை. வேகமாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால் சூசை விட மாட்டார். "டிரெயின் புடிக்கப் போறியா? மெதுவா சொல்லு" என்பார்.

அவரையும் டாக்டரம்மா விடவில்லை. "நல்லா இருக்கிற கையும் காலும் ஏன் சும்மா இருக்கு? அவரும் உழைக்கட்டும்" என்றார். கட்டிலின் கால்மாட்டில் கயிறு கட்டச் சொன்னார், பிடித்து எழுந்து உட்கார. நான் கட்டினேன். சூசை பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது இன்னா ஜடையா? இத்த நம்பித் தூக்குனா கப்பலே கவுந்துடும்." துறைமுக முடிச்சை அவர் இடது கையால் காற்றில் போட்டுக் காட்ட, நான் கற்றுக்கொண்டு கட்டினேன். பக்கவாதம் வந்தபிறகு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அது. அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா அக்கா, "இன்னா மேடம், மகாராணி மாதிரி?" என்று குத்தினார். மாதாவுக்கு எதிரே என்பதால் வாயை அடக்கிக்கொண்டேன். அதுவும் ஒரு அற்புதம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் ஒரு நாள் காலையில், சூசை மறுபடியும் விழுந்தார். எனக்கு உயிர் போனது. கத்த வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். டாக்டரம்மா காட்டியபடி நாற்காலியைப் பிடித்து இறங்கினேன். அவரை நல்ல பக்கமாகப் புரட்டினேன். அவர் கயிற்றைப் பிடித்து இழுத்து உட்கார்ந்தார். தரையிலிருந்து உட்காரும் பலகைக்கு, பலகையிலிருந்து ஸ்டூலுக்கு, ஸ்டூலிலிருந்து கட்டிலுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். முட்டி வலித்தது. வலித்தது, ஆனால் நின்றது. யாரையும் கூப்பிடவில்லை.

கட்டிலில் சாய்ந்ததும் அவர் சொன்னார், "அண்ணனுக்குப் போன் போடு. ஹோம்ல அவன் போய் படுத்துக்கட்டும்."

இதுதான் என் சாட்சி. முட்டி புதுசாகவில்லை. குளிர் நாளில் இன்னும் வலிக்கிறது, ஊசிக்கு இன்னும் போகிறேன். ஆனால் என் புருஷன் என் வீட்டில் இருக்கிறார். நான் கேட்டது அதைத்தான். மாதா கொடுத்தாள். நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து கொடுக்கவில்லை, முற்றத்தில் நின்று அதட்டிக் கொடுத்தாள். அவளுக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும் ஆயிரம் நன்றி.

உங்களில் இன்னும் சில பேர் வீங்கின முட்டியோடு சனிக்கிழமை கேட்டில் நிற்கிறீர்கள். நான் பார்க்கிறேன். நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். ஆனால் எழுந்து நின்று கேளுங்கள். முடியாவிட்டால் என் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது, வந்து உட்காருங்கள். காலை எப்படி நீட்டுவது என்று காட்டுகிறேன். செபமாலையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.