அவரைத் தூக்கிய எட்டு மாதங்கள்

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து, என் கணவர் மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய எடை எண்பத்தாறு கிலோ. நான் ஐம்பத்திரண்டு கிலோ. அவர் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். இடது கையும் இடது காலும் விழுந்துபோயிருந்தன. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புத்தி தெளிவாகவே இருந்தது. எங்கள் ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்று ஒரு தாதி செய்து காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக் குளியலறை வாசலில் இருக்கும் படியை எப்படி உடைப்பது என்றுதான் மனம் யோசித்துக்கொண்டிருந்தது. தாதி காட்டியதில் ஒன்றும் தலையில் ஏறவில்லை.

இரண்டாவது வாரம் அவர் விழுந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். கூப்பிடாமல் தானாகவே எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன். புருவம் கிழிந்து, சுவரோரமாகக் கிடந்தார். தரையில் இரத்தம். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் வந்துதான் தூக்கினார்கள். நான்கு தையல் போட்டார்கள்.

அன்று அவரிடம் நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இனிமே நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. எதுனாலும் என்னைக் கூப்பிடுங்க, நான் தூக்குறேன்."

பிசியோ சிகிச்சைக்குப் போவதும் நின்றது. காரில் ஏற்றி இறக்க ஆள் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் பயம்.

அன்றிலிருந்து தூக்கினேன். அவருடைய அக்குளுக்குள் கைகளைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்து, அப்படியே இழுத்து எழுப்பி, இடுப்பைத் திருப்பிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இருக்கும். காலையில் பக்கத்துத் தெருவில் உள்ள பாலர் பள்ளியில் எனக்கு வேலை. நான்கு மணி நேரம் அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா அவரை வந்து பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது மாதம், கீழே விழுந்த ஒரு கலர் பென்சிலை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்பில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்து என்னைப் போலவே குனிந்து நின்று சிரித்தார்கள்.

கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். கனமான பொருள் எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லி, இரண்டு நாள் மருத்துவ விடுப்புக்கு எம்.சி.யும் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கு அதைக் காட்டலாம். வீட்டில் யாரிடம் காட்டுவது? அன்று மத்தியானமே அவரைத் தூக்கினேன்.

பிறகு யார் எதைச் சொன்னாலும் செய்தேன். தைலம் தேய்த்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இடுப்பு பெல்ட் வாங்கிக் கட்டினேன். வெறுந்தரையில் படுத்தால் சரியாகும் என்று ஒருத்தி சொன்னாள். மூன்று நாள் படுத்தேன். காலையில் நாற்காலிக் காலைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. வலி இடுப்பை விட்டு வலது பிட்டத்துக்கு இறங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் போல ஓடியது. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரை முதியோர் இல்லத்தில் விடச் சொல்லுவாள் என்று தெரியும்.

அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. தூக்கும்போது என் முகம் அவர் தோளில் பதிந்திருக்கும். பல்லைக் கடிப்பது கேட்காமலா இருக்கும்?

ஆறாவது மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். தண்ணீர் போதவில்லை, எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டார். நிறையக் குடிக்கிறார் என்றேன். காலையில் நிரப்பி வைக்கும் போத்தல் சாயங்காலம் காலியாகத்தானே இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். நான் பள்ளிக்குப் போனதும் தண்ணீரைப் பூச்சட்டியில் ஊற்றச் சொல்லி என் கணவர் அக்காவிடம் கெஞ்சியிருக்கிறார். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் நான் தூக்க வேண்டும்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை ஏன் இப்படிக் குற்றவாளி ஆக்குகிறீர்கள் என்று கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது மாதம் அக்காதான் என்னைக் கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப்போனார். அங்கே கண் தெரியாதவர்கள் மசாஜ் செய்யும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அக்கா நம்பினார். ஐம்பது வயதிருக்கும் ஒரு தமிழர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகெலும்பை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். இடுப்பருகில் விரல் நின்றது. வலி காலுக்கு இறங்குகிறதா என்று கேட்டார். பாதத்தைத் தொட்டு, இங்கே உணர்ச்சி இருக்கிறதா, இங்கே இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகக் கேட்டார். வலது பெருவிரலை அவர் தொட்டது எனக்குத் தெரியவேயில்லை.

கையைத் துடைத்துக்கொண்டார். "இதுல நான் கை வைக்க மாட்டேங்கக்கா. நரம்பு அழுந்துது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கிக் கால் நரம்பை அழுத்துவது தெரிந்தது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ காலில் பலம் குறைந்தாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லிப் பிசியோவுக்கு அனுப்பினார்கள்.

பிசியோ அறையில் இருந்தவள் என் மகள் வயதுப் பெண். வீட்டில் என்ன வேலை செய்கிறேன், எப்படி உட்காருகிறேன், எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்றெல்லாம் கேட்டாள். தூக்கம் கெட்டாலும் கவலை கூடினாலும் வலி பெரிதாகத் தெரியும் என்றாள். படுத்தே கிடப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதுதான் நல்லது என்றாள். பிறகு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, அங்கிளைத் தூக்குவது போலத் தன்னைத் தூக்கச் சொன்னாள். நான் குனிந்து கைகளைக் கோத்ததுமே நிறுத்தச் சொன்னாள். முழங்கால் மடங்கவில்லை, முதுகு வளைந்திருக்கிறது, பாரத்தைப் பிடித்துக்கொண்டே இடுப்பைத் திருப்புகிறேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது ஒரு நாள்ல வந்தது இல்ல ஆன்டி. அடுத்த வாரம் அங்கிளையும் கூட்டிட்டு வாங்க லா. அவரைப் பார்க்காம உங்களுக்கு மட்டும் வைத்தியம் பண்ண முடியாது."

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போனோம். அவள் அவருடைய பாதங்களை நாற்காலிக்குள் இழுத்து வைத்தாள். வலது கையை நாற்காலிப் பிடியில் ஊன்றச் சொன்னாள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயச் சொன்னாள். நான் வழக்கம் போல அவர் அக்குளுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள்.

முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவை, அவருடைய இடுப்பில் கட்டிய பட்டையை அவள் லேசாகப் பிடித்திருக்க, அவர் எழுந்து நின்றார். கால்கள் நடுங்கின. ஆனாலும் நின்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக நான் தூக்கிய எடையில் பாதிக்கு மேல் அவரே தாங்கியிருக்க முடியும். அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இடது கணுக்கால் இறுகிவிட்டதென்றும், ஆரம்ப மாதங்களில் பயிற்சி செய்திருந்தால் இன்னும் இளகியிருக்கும் என்றும் நான் கேட்டபோது மறைக்காமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் குழறலோடு சொன்னார். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீ தூக்குனது வசதியா போச்சு. நான் நிக்கிறேன்னு கேட்டிருக்கலாம். கேக்கல."

இப்போது அவர் பட்டையின் உதவியோடு எழுந்து, நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக் குளியலறை வரை போகிறார். அதற்கு மேல் நடக்க மாட்டார் என்று எனக்கும் அவருக்கும் தெரியும். என் கால் வலி பெரும்பாலும் போய்விட்டது. பெருவிரல் மட்டும் மரத்தே இருக்கிறது. காலையில் எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றித்தான் எழுகிறேன். பள்ளியில் பெரிய நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அவர் குளியலறையில் சரிந்தார். விழும் ஆளை இழுத்துப் பிடிக்கக் கூடாது, மெதுவாகச் சரிய விட்டுத் தரையில் உட்கார வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தாள். எல்லாம் தெரியும். ஆனாலும் கை முந்திவிட்டது. முழு எடையையும் பிடித்து இழுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பத்து நாள் படுத்துவிட்டேன்.

அந்தப் பத்து நாளில்தான் அவராகவே பேச்சை எடுத்தார். பக்கவாதம் வந்தவர்களுக்காகத் தேவாலயம் ஒன்று நடத்தும் பகல் நேரப் பராமரிப்பு மையம் எங்கள் தாமான் குடியிருப்புக்கு அருகில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு சரி என்றேன்.

முதல் நாள் வேன் வந்தது. இரண்டு பேர் அவரை ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லோரியிலும் அப்படித்தான் உட்காருவார். வேன் முனை திரும்பியதும் கதவைப் பூட்டிவிட்டு, பிசியோ பெண் தினமும் நடக்கச் சொன்ன அரை மணி நேரத்தை நடக்கத் தொடங்கினேன். விளையாட்டுத் திடலை இரண்டு சுற்று வந்ததும், மையத்துக்குப் போன் செய்து தண்ணீர் குடித்தாரா என்று கேட்டேன்.