கிணற்றைக் காட்டச் சொன்ன கடிதம்

என் பிள்ளைகள் இருவரையும் உயிரோடு வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். கிணத்துக்கடவுப் பக்கம் தையல் வேலை செய்கிறேன். கணவர் ஜெயராஜ் லேத் பட்டறைக்குப் போகிறார். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு.

போன ஜூன் மாதம் வீட்டுக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அக்டோபர் கடைசி வரைதான் கெடு. கையில் இருந்ததைப் போட்டு, தென்னந்தோப்பு ஓரம் இருந்த கொப்பரைத் தேங்காய் சேர்த்து வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை வாங்கினோம். கல் சுவர், ஓட்டுக் கூரை. நடுவில் ஒரு சுவர் வைத்தால் இரண்டு அறை. ஆனால் தோட்டத்துக் கட்டடத்தில் குடியிருக்க அரசு அனுமதி வேண்டும். மனுப் போட்டோம்.

மனு திரும்பி வந்தது. ‘நில வரைபடத்தில் கிணறு உள்ளது. தங்கள் பிளானில் இல்லை. கிணற்றைக் காட்டவும்’ என்று அதிகாரி எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தால்தானே காட்ட? கிட்டங்கியை எங்களுக்கு விற்ற பெரியவரைக் கேட்டோம். “கெணறா? நானறிய இங்க ஏதுங்க அம்மணி,” என்றார். அப்படியே எழுதி அனுப்பினோம். மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில் இரண்டு அறைக்கும் புதுத் தளம் போட்டிருந்தோம். தளம் இறுகுவதற்குத் தினமும் நான்தான் தண்ணீர் கட்டுவேன். தெற்கு அறையில் சாயங்காலம் வரை தண்ணீர் நின்றது. வடக்கு அறையில் குடத்தைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போனது. கணவரிடம் சொன்னேன். “வெயிலுக்கு இழுத்துக்கும்,” என்றார். ஓட்டுக்குக் கீழே ஏது வெயில்? மனதுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளின் இரும்புக் கட்டிலை அங்கேதான் போட்டேன்.

சின்னவள் மட்டும் அந்த அறைக்குள் வரமாட்டாள். ஒருநாள் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். “கீழ மண்ணு கொட்டுதும்மா,” என்றாள். விளையாட்டுப் பேச்சு என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபரில் உபவாசம் இருந்தேன். “ஆண்டவரே, அந்த அதிகாரியின் மனதை மாற்றும். என் பிள்ளைகளைப் பத்திரமாகப் படுக்க வையும்.” இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

மாதக் கடைசியில் அந்த அதிகாரியே நேரில் வந்தார். சின்ன வயதுப் பெண். கூட வந்த சர்வேயர் எல்லைக் கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். “இங்கதானுங்க மேடம் வருது,” என்றார்.

“தோண்டிப் பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாதுங்க,” என்றார் அந்தப் பெண். “அதுவரைக்கும் யாரும் இங்க படுக்க மாட்டோம்னு எழுதிக் கொடுங்க.”

எனக்கு வந்ததே கோபம்! “ஏனுங்க மேடம், மழைக்காலத்துல ரெண்டு கொழந்தைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?”

“கொழந்தைங்க இருக்கறதாலதானுங்க கேக்கறேன்,” என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். “எல்லாரும் குடி வந்துட்டுத்தான் அனுமதி வாங்கறாங்க. கட்டில் போட்டாச்சு, போயிரலாம் வா எஸ்தரு,” என்றார் கணவர். நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் என் கையால் எழுதிக் கொடுத்ததைப் பொய்யாக்கிவிட்டு, மறுநாள் ஆராதனையில் எப்படி நிற்பது? சபையின் பின்பக்க அறையில் மூட்டை முடிச்சோடு ஒதுங்கினோம். இரண்டு நாள் விடாத மழை. ஆண்டவருக்குக் காது கேட்கவில்லை என்றுகூடச் சொல்லி அழுதேன். இதை மறைக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை மழை விட்டது. போய்க் கதவைத் திறந்தேன். மக்கிப்போன மட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. வடக்கு அறையில் தரை இல்லை. சுவருக்குச் சுவர் ஒரே கறுப்புக் குழி. கட்டில் இல்லை. எங்கோ ஆழத்தில் மண் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. நான்கு வயதுப் பிள்ளை சொன்ன அதே சத்தம். அலறிவிட்டேன்.

ஓடிவந்த பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்கப்பன் தண்ணியில்லாத கெணத்துல தேங்கா மட்டையைக் கொட்டி மூடுனதா ஊருக்குள்ள சொல்லுவாங்க. அது இந்த எடம்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க கண்ணு,” என்று அழுதார். மட்டை மக்க மக்க, அடியில் வெறும் பள்ளமாகிவிட்டது.

அன்று அந்த அதிகாரியும் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் மாற்றச் சொல்லி மன்றாடிய மனது அவருடையது. ஆண்டவர் அதை அசையாமல் வைத்திருந்தார்.

வடக்கு அறையை இடித்துக் குழியை நிரப்பினோம். கட்டிலை எடுக்க முடியவில்லை. அதன்மேலேயே கல்லும் மண்ணும் கொட்டினோம். பொறியாளர் சோதித்த பிறகு, தெற்கு அறைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. நாலு பேரும் அந்த ஒரே அறையில் இருக்கிறோம். யாராவது முடியாது என்று சொன்னால் இப்போதெல்லாம் வாயைத் திறக்கும் முன் கொஞ்சம் பொறுக்கிறேன்.

உங்கள் மனுவும் திரும்பி வந்திருக்கலாம். அழுங்கள், கோபப்படுங்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஜெபிப்பதை விட்டுவிடாதீர்கள். நமக்குத் தெரியாத பள்ளம் அவருக்குத் தெரியும்.

சின்னவள் இன்றைக்கும் குடும்ப ஜெபம் முடிகிற நேரம் தரையில் காதை வைத்துப் பார்க்கிறாள். “ஒண்ணும் கேக்கலைம்மா,” என்கிறாள். அதற்குப் பிறகுதான் நான் ஆமென் சொல்கிறேன்.