சிவரூபன் உருட்டி வந்த குளிர்

இராசமணி என்ற பெயரைப் புனிதவதி முதன்முதலில் கேட்டது சிவரூபனின் வாயால்தான். கனடாவில், மல்வேர்னில் புனிதவதி இருந்த மாடிக் கட்டடத்தைப் பராமரிப்பவன் அவன். "அன்ரி, உங்கடை முன்வீட்டுக்கு என்ரை இராசமணி மாமி வாறா. ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று லிஃப்ற்றுக்குள் வைத்துச் சொன்னான்.

இராசமணி அவனுடைய தகப்பனின் கூடப்பிறந்த தங்கை. சிவரூபனின் தாய் பாயோடு கிடந்த இரண்டு வருடமும் அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தது இந்த மாமிதான். கனடா வந்து இருபத்திரண்டு வருடம் ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்தவர். புருஷன் காலமாகி, மகளும் கலியாணம் முடித்துப் போனபின் தனியே இருந்தார். பிரஷர்காரி.

அந்த ஆனியில் கட்டடத்தின் குளிரூட்டி நின்றுபோனது. புனிதவதியின் வீடு நிழல் பக்கம். இராசமணியின் வீட்டுச் சுவரோ பின்னேர வெயிலில் சட்டி மாதிரிச் சுடும். அவர் குளியலறையில் கதிரை போட்டு, வாளித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருப்பார். கேட்டால் சிவரூபன், "சாமான் ஓடர் பண்ணியிருக்கு மாமி" என்பான். மூன்று கிழமை பொறுத்த புனிதவதி இராசமணியைக் கொண்டு நகரசபைக்கு முறைப்பாடு எழுதுவித்தார். செவ்வாய்க்கிழமை வெக்கை அளக்க ஆள் வரும் என்று வீட்டுக்கும் கட்டடத்துக்காரருக்கும் அறிவித்தல் வந்தது.

செவ்வாய் காலை சிவரூபன் ஒரு குளிர் மெசினை உருட்டிக்கொண்டு வந்தான்.

"மாமி வாடுறதைப் பார்க்க எனக்குப் பொறுக்கேல்லை."

இராசமணிக்குக் கண் கலங்கியது. அவனை இருத்திப் புட்டும் கணவாய்க் கறியும் கொடுத்தார்.

மத்தியானம் அதிகாரி வந்தபோது அறை சில்லென்று இருந்தது. "உது இண்டைக்கு வந்ததெண்டு சொல்லுங்கோ அக்கா" என்று புனிதவதி வாசலில் நின்று குசுகுசுத்தார். வெளியாளுக்கு முன்னால் அண்ணன் பிள்ளையைக் குறை சொல்ல இராசமணிக்கு நாக்கு எழவில்லை.

"நோ புறோப்ளம். மை நெவ்யூ வெரி குட் போய்."

அதிகாரி சிரித்தபடி எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிய சிவரூபன் வந்து வயரைக் கழற்றினான்.

"எங்கை ராசா கொண்டு போறாய்?"

"ஒஃபிஸ் மெசின் மாமி. திருப்பிக் குடுக்கவேணும்."

"உதை நீ ஆருக்குக் கொண்டு வந்தனீ? எனக்கோ, அளக்க வந்த ஆளுக்கோ?"

அவன் தலை நிமிராமல் உருட்டிக்கொண்டு போனான்.

"இப்பவே போன் அடிச்சு உள்ளதைச் சொல்லுவம்" என்றார் புனிதவதி.

"வேண்டாம். அவன்ரை வேலை போயிடும்."

"உந்த மூதேசிக்கு இன்னும் இரங்குறியளோ?"

இராசமணி வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தார். பிறகு, "கணவாய்க் கறியை இன்னொருக்கால் கேட்டு வாங்கித் திண்டவன், புனிதம்" என்றார்.

மெசின் போன நான்காம் நாள், தட்டித் தட்டிக் கதவு திறபடாமல், புனிதவதி தன்னிடமிருந்த திறப்பைப் போட்டு உள்ளே போனார். வாளி கவிழ்ந்திருந்தது. இராசமணி கதிரையிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரிக்குச் சிவரூபன் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். இராசமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவன் போகும்வரை திரும்பவில்லை.

இப்போது அவர் பிறம்ரனில், மகள் யதுஷா வீட்டு பேஸ்மென்றில், வெயில் எட்டாத நிலக்கீழ் அறையில் இருக்கிறார்.